நாக்கடியில் ஒரு கல்

தைப்பொங்கல் முடிந்த வாரம் அது. பகல் சாப்பாட்டுக்காக, முதுகில் தொங்கிய கொழுந்துப் படங்குச் சாக்குகளை இறக்கிவைத்துவிட்டு, பெண்கள் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகவடிவு ரொட்டியைப் பிய்த்து, மிளகாய் இடித்த கட்டச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தாள். அடுத்த வாயை மெல்லும்போதே வலது தாடைக்குக் கீழே யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் நெம்புவதுபோல் இருந்தது. கை வைத்துப் பார்த்தாள். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி திரண்டிருந்தது. தொட்டால் கல்போல் விறைப்பு. காதுவரைக்கும் வலி இழுத்தது.

பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. மிச்ச ரொட்டியைச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும்போது தடவிப் பார்த்தாள், கட்டியைக் காணவில்லை. சம்பலில் உறைப்புக் கூடிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, பஸ் ஏறாத மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தாள். அதே தோட்டத்தின் மேல் டிவிசனுக்குத்தான் வாக்கப்பட்டுப் போனாள். கொழுந்தெடுப்பதில் அவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. கங்காணியிடம் பேச்சு வாங்காத அளவுக்கு எடுப்பாள், அவ்வளவுதான். மற்றபடி வாய்தான் அவளுக்கு எல்லாம். பேச வேண்டும், சாப்பிட வேண்டும், வெற்றிலை போட வேண்டும். கோயில் திருவிழா அன்னதானத்தில் இலையைவிட்டு எழாமல், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்கண்ணே, ஒங்க ரசத்துக்குத்தான் வந்தேன்" என்று பரிமாறுகிறவனை மடக்கி நிறுத்துகிறவள். புளிக்கிற அம்பரலங்காய் அச்சாறு என்றால் மலையில் பாதி வேலையில்கூடக் கையை நீட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு மறுநாளும் அந்த வீக்கம் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வரும். எழுந்து கொஞ்ச நேரம் போனால் வடியும்.

பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த வீரம்மா ஒருநாள் அதைக் கண்டுவிட்டாள். அவள் வடிவைவிட மூத்தவள், கணவனை இழந்து தனியாக இருந்தவள்.

"ஐயையோ, பொன்னுக்கு வீங்கி புள்ள இது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், தன் ஒற்றைச் சங்கிலியைக் கொண்டுவந்து வடிவின் கழுத்தில் போட்டாள். "தங்கம் பட்டா வாங்கிரும். நாலு நாளைக்குக் கழட்டாத."

"வயசு போன காலத்துல எனக்கு எதுக்குக்கா பொன்னுக்கு வீங்கி?"

"அதுக்கு வயசு தெரியுமா? பேசாம போட்டுக்க."

சிறிது நேரத்தில் வீக்கம் வடிந்தபோது இருவருக்கும் சங்கிலியின் மேல்தான் நம்பிக்கை வந்தது. அடுத்த நாள் பகல், சங்கிலி கழுத்தில் கிடக்கும்போதே அதற்கு மேலே கட்டி எழும்பியது. வடிவு சங்கிலியைக் கழற்றி ஒரு துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். அது தோட்டத்தின் கீழ்ப்பக்கமான பணியத்தில், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. மலையிலிருந்து இறங்கிப் போய், வரிசையில் உட்கார்ந்து, அவள் முறை வரும்போது தாடை பழையபடி தட்டையாக இருந்தது. மருந்து கொடுக்கிறவர் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா வீக்கம்?"

"இப்ப இல்லீங்க ஐயா. சாப்பிட்டா வருங்க."

"வந்தா வந்து காட்டுங்க."

வலிக்கு மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணுக்குத் தெரியாததை அவர் எப்படிப் பார்ப்பார்? அடுத்த தடவை அவள் ரொட்டியோடு போய், டிஸ்பென்சரி வாசலில் வைத்துத் தின்றுவிட்டு உள்ளே போகலாமா என்றுகூட யோசித்தாள். மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டாள். டவுனில் பல் பார்க்கிற ஒருவரிடம் போனதில், அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் சொத்தையாக இருந்ததாகச் சொல்லி அதைப் பிடுங்கிவிட்டார். பல் போனது, வீக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கினாள். மலையில் பெட்டியைத் திறப்பதில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மெல்லாமல் விழுங்குவாள். அப்படியும் கட்டி வரும். பிறகு சாப்பாடு வாயில் படவே வேண்டியதில்லை என்று ஆயிற்று. வீரம்மாவின் காம்பராவில் கருவாடு பொரிக்கிற வாசனை வந்தாலே தாடை இறுக ஆரம்பித்துவிடும். வாயில் எச்சில் ஊறுவதை எப்படி நிறுத்துவது? அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வெளியே போய் நிற்பாள்.

இதை அவள் கணவன் அழகன் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருந்தான்.

அழகன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். அவர்களுடைய ஒரே மகள் நிஷாந்தி உயர்தரப் பரீட்சை முடித்திருந்தாள். ஆசிரியர் நியமனம் ஏதாவது வரும்வரை பொறுக்கலாம் என்பது வடிவின் எண்ணம். அழகன் பொறுக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் தெரிந்தவர் மூலம் வேலை பேசி, மார்கழியிலேயே மகளை அனுப்பிவைத்துவிட்டான். அன்று வீட்டில் பெரிய சண்டை. வடிவு அவனிடம் பல நாள் பேசவில்லை, வீக்கத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தக் கோபத்தால்தான் என்று அவன் நினைத்தான். நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல்போன அன்று ஞாயிற்றுக்கிழமை.

தட்டில் சோறு போட்டு, ரசத்தை ஊற்றி, அவள் முன்னால் வைத்தான்.

"தின்னு."

"பசிக்கலங்க."

"எத்தன நாளைக்கு இப்பிடிப் பட்டினி கெடந்து என்னைய சாகடிக்கப் போற? புள்ளைய நான் வித்தா போட்டேன்? எலும்புந்தோலுமா நிக்கிற. லயத்துல நாலு பேரு என்னையத்தான் பாக்குறான்."

வடிவு அவனையே பார்த்தாள். இந்த மனிதன் இத்தனை நாளாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தானா என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள்.

"இங்க வாங்க. வெளிச்சத்துல நின்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வாயில் வைத்தாள்.

ரசத்தின் புளிப்பு நாக்கில் பட்டதும் வந்தது. அழகன் கண்முன்னாலேயே அவள் தாடைக்குக் கீழே தோல் புடைத்து, பளபளத்து, உருண்டு நின்றது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடியது. அவன் கையை நீட்டினான், தொடப் பயந்து பின்னால் எடுத்துக்கொண்டான்.

"என்னா வடிவு இது? என்னா இது?"

"தெரியலங்க."

அவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்தான். அவனுடைய அக்கா வெற்றிலை போட்டுப் போட்டு வாயில் புண் வந்து, மகரகமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிவந்து, அதே லயத்தில்தான் செத்துப்போனாள். அந்தப் பக்கத்தில் மகரகமை என்று சொன்னால் போதும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அன்று பின்னேரம் அழகன் அடுப்பங்கரை மாடத்தில் இருந்த வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டுபோய் வடிகால் கானில் எறிந்தான். வடிவு தடுக்கவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் இருவரும் டவுன் ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே டாக்டராக இருந்தவர் ஜெகதீஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர், நியமனம் கிடைத்து மலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. குளிருக்குக் கம்பளிச் சட்டையின் மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்.

"இருங்கோ அம்மா. என்ன செய்யுது?"

"சாப்பிட்டா வீங்குதுங்க டாக்டர். சாப்பிடாட்டிப் போயிருது."

"எங்க பாப்பம். வாயை வடிவாத் திறவுங்கோ."

"ஆமாங்க, வடிவுதாங்க. சண்முகவடிவு."

டாக்டர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சிரித்தார். "எங்கட ஊரில வடிவா எண்டால் நல்லா எண்டு அர்த்தம் அம்மா. நல்லாத் திறவுங்கோ."

வாய்க்குள் விளக்கை அடித்து எல்லா இடமும் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். புண் ஒன்றும் இல்லை. பிறகு தாதியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்க, ஊழியர் அறையிலிருந்து பாதி வெட்டிய எலுமிச்சங்காய் ஒன்று, டாக்டரின் ஊர்ப்பேச்சில் தேசிக்காய், வந்தது. அதைக் கண்டதுமே வடிவு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம்தான் அம்மா. பொறுத்துக்கொள்ளுங்கோ."

ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. வீக்கம் எழும்பியது. டாக்டர் ஒரு விரலை நாக்குக்குக் கீழே விட்டு, மற்றக் கையால் தாடைக்கு அடியில் தாங்கி, இரண்டுக்கும் நடுவில் மெல்ல மெல்லத் தடவிக்கொண்டு பின்னால் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வடிவு முனகினாள்.

"இருக்கு" என்றார் டாக்டர்.

அழகன் எழுந்து நின்றான். 

பல்லுக்கு நடுவில் ஒரு சின்ன அட்டையைக் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். எலும்பு வளைவுக்கு உள்பக்கம், பின்னால், வெள்ளையாக ஒரு புள்ளி.

"நாக்குக்குக் கீழ எச்சில் வாற குழாய் ஒண்டு இருக்கு. அதுக்குள்ள கல்லு அடைச்சிருக்கு. சாப்பாட்டைக் கண்டதும் எச்சில் ஊறும். வெளியில வர வழியில்லை, அதுதான் வீங்குது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போக வத்துது."

"சோத்துல கெடந்த கல்லுங்களா?"

"இல்லை அம்மா. எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்துப் படிஞ்சு படிஞ்சு தானா உருவாகிறது."

"வெத்தலைக்கிப் போடுற சுண்ணாம்பா?"

"அதில்லை. வெத்திலையை எப்பிடியும் விடத்தான் வேணும். அது வேற காரணத்துக்கு."

அழகன் மெல்லக் கேட்டான். "அப்ப டாக்டர், மகரகமைக்கு..."

"இது புற்றுநோய் இல்லை ஐயா. கல்லு."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தாதி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் கிருமிக்கு மருந்து எழுதினார். சாப்பாட்டுக்குமுன் தேசிக்காய்த் துண்டைச் சூப்பச் சொன்னார். வீங்கியதும் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தி, பின்னாலிருந்து முன்னால் அழுத்தித் தள்ளச் சொன்னார். சிறிய கல்லாக இருந்தால் தானாக வந்து விழும். வராவிட்டால் கண்டிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கள்?"

"காலையில ஒரு கோப்ப தேயிலச் சாயத்தண்ணிங்க. பொறவு வேல முடிஞ்சு வந்துதான்."

"இடையில?"

"குடிக்கமாட்டோங்க. குடிச்சா ஒதுங்கணுமே. மலையில எங்கங்க ஒதுங்குறது?"

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது அம்மா" என்றார். "ஆனா தண்ணி குறைஞ்சா எச்சில் தடிச்சுப் போகும். குடிக்கத்தான் வேணும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. எங்கே போய் ஒதுங்குவது என்ற கேள்விக்கு அவர் எழுதித் தரக்கூடிய மருந்து ஏதும் இருக்கவில்லை.

வடிவு குடித்துப் பார்த்தாள். ஒரு வாரம் போத்தலில் தண்ணீர் கொண்டுபோனாள். காலை ஒன்பது மணிக்கே அடிவயிறு முட்டியது. தேயிலைச் செடி இடுப்பளவுதான் இருக்கும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மேல் ரோட்டிலிருந்து தெரியும். கான் பக்கம் இறங்கிப் போனால் காலில் அட்டை ஏறியது. வீரம்மாவைச் சேலையை விரித்து மறைக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தபோது, கங்காணி மேலேயிருந்து "அங்க என்னா ரெண்டு பேரு வேல இல்லாம?" என்று கத்தினார். இருவரும் சேலையை உதறிக்கொண்டு கொழுந்துக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு போத்தல் வீட்டிலேயே கிடந்தது.

தேசிக்காய் வைத்தியத்தை மட்டும் விடாமல் செய்தாள். அது என்ன வைத்தியம்! வலியைத் தானே கூப்பிட்டு, வந்த வலியைத் தானே பிடித்து நசுக்க வேண்டும். அழகன் சுடுதண்ணீர்த் துணியைப் பிழிந்து கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வான். ஒருநாள் அழுத்தியபோது உப்புக் கரிக்கிற ஏதோ வாய்க்குள் வழிந்தது. நாக்கில் மணல்போல் இரண்டு துணுக்கு. உள்ளங்கையில் துப்பி அழகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் குனிந்து பார்த்துச் சந்தோசப்பட்டார்கள். அன்று பகல் தேங்காய்ச் சம்பலோடு சோறு சாப்பிட்டாள், வீங்கவில்லை. மறுநாளும் வீங்கவில்லை. மூன்றாம் நாள் வீங்கியது, முன்னையைவிடப் பெரிதாக.

கண்டிக்குப் போனார்கள். ஸ்கேன் செய்து பார்த்த சத்திரசிகிச்சை டாக்டர், கல் எச்சில் சுரப்பிக்குப் பக்கத்தில் ஆழமாக இருப்பதாகவும், வாய்க்குள் கீறி எடுக்க முடியாது, கழுத்தில் கீறிச் சுரப்பியோடு எடுக்க வேண்டும் என்றும் எளிய சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். வடிவுக்குப் பாதி புரிந்தது. சுரப்பியை எடுத்தால் எச்சில் ஊறாதா என்று அழகன் கேட்டான். மற்றவை இருக்கின்றன, போதும் என்றார். இதைவிட அவசரமானவர்கள் நிறையப் பேர் காத்திருந்ததால் மார்கழியில்தான் நாள் கிடைத்தது.

தீபாவளிக்கு நிஷாந்தி வந்தாள். அம்மாவைக் கண்டதும் பையை வாசலிலேயே போட்டுவிட்டாள்.

"போன்ல ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னு சொன்னீங்களேம்மா."

"ஒன்கிட்ட சொல்லி என்னா செய்ய? நீ அங்க அழுதுகிட்டு நிப்ப."

வடிவு முறுக்குச் சுட்டாள், வடை சுட்டாள். சுடும்போது ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. மகள் கஞ்சியை மையக் கடைந்து கொண்டுவந்தாள். அதையும் பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பாவிடம் நிஷாந்தி ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பரேசனுக்கு லீவு சொல்லி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒப்பரேசனுக்கு முன்னால் புயல் வந்துவிட்டது. கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மலைநாட்டில் மழை புதிதல்ல. ஆனால் அந்த மழை நிற்காமல், ஒரே கனத்தில், தகரத்தைப் பிளப்பதுபோல் பெய்தது. கரண்ட் போனது. போன் செத்தது. லயத்துக்குக் கீழே ரோட்டை மண்சரிவு மூடியது. மேலே எங்கேயோ மரங்கள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மழைக்குள்தான் வடிவுக்குக் காய்ச்சல் கண்டது. இந்தத் தடவை வீக்கம் வடியவில்லை. சாப்பிடாமலே இருந்தது. தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, தோல் சிவந்து சுட்டது. விடிந்தபோது நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்; சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை.

அழகன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். ஆம்புலன்சைக் கூப்பிட வழியில்லை. மகளைக் கூப்பிட வழியில்லை. குடை பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான். அங்கே இருந்தவர் கைவசம் இருந்த கிருமி மருந்தைக் கொடுத்து, "இத முழுங்க முடியுமா அவங்களுக்கு?" என்று கேட்டார். முடியாது. "அப்ப எப்பிடியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இது மூச்சை அடைச்சிரும்."

எப்படியாவது என்றால் எப்படி? அழகன் லயத்து வாசலில் நின்று கத்தினான். ஆட்கள் வந்தார்கள். கொழுந்துப் படங்கு இரண்டை இரண்டு கம்பில் கோத்துக் கட்டி, வடிவைச் சாய்ந்தவாக்கில் அதில் வைத்தார்கள். படுக்கவைத்தால் மூச்சு முட்டியது. வீரம்மா ஒரு பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தினாள். மண்சரிவுக்கு மேலால் ரோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. முழங்கால்வரை சேற்றில் புதைந்து, பிடுங்கிப் பிடுங்கிக் காலை எடுத்து வைத்தார்கள். நடுவில் மேலேயிருந்து மண் கொஞ்சம் உதிர்ந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். போவதா திரும்புவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அழகன் மட்டும் "தூக்குங்க, தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வடிவின் கண் திறந்திருந்தது. அவள் பிளாஸ்டிக் விரிப்புக்குள்ளிருந்து அவன் கையைப் பிடித்திருந்தாள்.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஓர் இராணுவ லொறி நின்றது. அதில் ஏற்றினார்கள். ஒரு சிப்பாய் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் முதுகுக்கு வைத்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெகதீஸ்வரி இருந்தார். ரோடுகள் அடைபட்டதால் விடுதிக்கும் போக முடியாமல் அங்கேயே தங்கியிருந்தார். வடிவை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறியது.

"கண்டிக்கு அனுப்பேலாது" என்றார் அழகனிடம். "ரோட்டு இல்லை. ஹெலிகொப்டருக்குக் கேட்டிருக்கினம், எப்ப வரும் எண்டு தெரியாது. இஞ்ச இருக்கிற டாக்டர் கழுத்தில கீறிச் சீழை எடுப்பார். கல்லை இப்ப தொடேலாது."

"பொழைச்சுருவாளாங்க?"

"மூச்சு அடைபடாமல் பாக்கிறம் ஐயா." அவர் பொய் சொல்லவில்லை.

அழகன் வெளியே சுவரோரம் உட்கார்ந்தான். சேறு காய்ந்து காலில் வெடித்திருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் கைகள் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தே பழகியவை. இப்போது அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டிருந்தான். சாமியைக் கும்பிட முயன்றான், பாதியில் வார்த்தைகள் மறந்துபோயின. மகளை அனுப்பியதற்காக அவள் பட்டினி கிடக்கிறாள் என்று நினைத்த நாட்களில் அவளிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "என்னா செய்யுது?" என்று கேட்டிருக்கலாம். அது மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

சீழ் வெளியே வந்தது. மூச்சு நிற்கவில்லை. கழுத்தில் ரப்பர்க் குழாயோடு வடிவு வார்ட்டில் கிடந்தாள். போன் உயிர்பெற்ற அன்று நிஷாந்திக்குத் தகவல் போனது. அவள் பஸ் ஓடிய இடம்வரை பஸ்ஸிலும், மிச்சத்தை நடந்தும் வந்து சேர்ந்தாள். வார்ட்டுக் கதவருகில் அப்பாவைக் கண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழகனும் அழுதான். அம்மா பேச முடியாமல் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லை எடுத்தது புது வருசம் பிறந்த பிறகு, கண்டியில். சுரப்பியை அறுத்தெடுத்த டாக்டர் ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். மஞ்சள் நிறத்தில், சொரசொரப்பாக, பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. வடிவு அதை வெகுநேரம் பார்த்தாள். வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பேசும்போது அவள் கீழுதடு வலது பக்கம் சரியாக இறங்கவில்லை. நரம்பு அடிபட்டிருக்கலாம், சில மாதத்தில் சரியாகும், சில பேருக்குக் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும் என்றார்கள். எது என்பது இப்போது தெரியாது. அவள் சேலைத் தலைப்பை வாய்மேல் வைத்துக்கொண்டு பேசப் பழகினாள்.

ஊருக்குத் திரும்பியபோது லயம் இருந்தது, ஆனால் போய் இருக்க முடியவில்லை. பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாக அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். மேல் டிவிசன் ஆட்கள் எல்லோரும் பணியத்துப் பாடசாலையில் இருந்தார்கள். வடிவுக்கு மூன்றாம் வகுப்பு அறையில், வீரம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

முதல் நாள் பகல், பெரிய சட்டியிலிருந்து சோறும் பருப்பும் பங்கிட்டார்கள். வீரம்மா அகப்பையோடு நின்றாள்.

"வடிவு, பருப்பு ஊத்தவா?"

"ஊத்துங்கக்கா."

பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு வடிவும் அழகனும் நிஷாந்தியும் தரையில் உட்கார்ந்தார்கள். வடிவு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெதுவாக மென்றாள். எதிரில் அழகன் தன் தட்டைத் தொடாமல் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்க பாக்குறீங்க? சாப்பிடுங்க."

"வருதா?"

"இல்லீங்க. வரல."

அவன் நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். நிஷாந்தி கடை வேலைக்குத் திரும்பப் போவதா, இங்கேயே இருப்பதா என்று மூவரும் அதுவரை பேசவில்லை. லயத்துக்குத் திரும்ப விடுவார்களா, வேறெங்காவது கூரை கட்டித் தருவார்களா என்று அன்றும் யாரும் வந்து சொல்லவில்லை. வெளியே மறுபடியும் தூறல் பிடித்தது. அறையில் இருந்த எல்லோரும் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்திக் கூரையைப் பார்த்தார்கள். குழாயடியில் தட்டுக் கழுவுகிறவர்களின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. வடிவு சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு, அதன் கடைசியில் போய் நின்றாள்.